ஆன்லைன் அரசியல் சண்டையிலிருந்து விலகுவது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

விலக நினைப்பவர்கள் முதல் வேலையாக ஆப்பை அழிக்கிறார்கள். நாலு நாளில் திரும்ப ஏற்றிவிடுகிறார்கள். அதற்கு மனவுறுதியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஒழுகுவது ஓரிடம், அடைத்தது வேறிடம். ஒருவரை நோட்டிபிகேஷன் இழுக்கிறது. இன்னொருவருக்கு ஃபீட் ஊட்டிவிடுகிறது. மூன்றாமவருக்குப் போனே தேவையில்லை. படுத்துக் கண்ணை மூடினால் எதிராளிக்கான பதில் தானாக ஓட ஆரம்பிக்கும். மூன்றுக்கும் மருந்து வேறு.

அதனால் முதல் மூன்று நாள் எதையும் மாற்றாதீர்கள். கணக்கு மட்டும் எடுங்கள். ஒவ்வொரு வாதத்துக்கும் ஒரு தாளில் ஒரு வரி: எத்தனை மணிக்கு, எந்த ஆப், எந்த வழியாக உள்ளே போனீர்கள், எப்போது வெளியே வந்தீர்கள். வழி என்றால் நோட்டிபிகேஷனா, ஃபீடில் தட்டுப்பட்டதா, யாரோ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டா, நீங்களே தேடிப் போனதா என்பது. கூடவே ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங், ஐபோனில் ஸ்கிரீன் டைம் திறந்து பாருங்கள். மொத்த நிமிடத்தைவிட, எத்தனை முறை எடுத்தீர்கள் என்ற எண்தான் அதிகம் சொல்லும். ஒரே ஆப்பை நாற்பது தடவை, தடவைக்கு இரண்டு நிமிடம் என்றால் பதில் வந்ததா என்று எட்டிப் பார்க்கிறீர்கள். முதல் பகுதி உங்களுக்கு. இரண்டே தடவை, தடவைக்கு ஒரு மணி நேரம் என்றால் ஃபீட் பகுதிக்குப் போங்கள். நிமிடம் குறைவாக இருந்தும் மனம் களைத்துக் கிடக்கிறது என்றால், தலைக்குள் ஓடும் வாதம் பற்றிய பகுதியிலிருந்து தொடங்குங்கள்.

அறிகுறி: பதில் போட்டுவிட்டு நிமிடத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்க்கிறீர்கள்

நீங்கள் எழுதிய ஒவ்வொரு கமென்ட்டும் ஒரு தூண்டில் முள். அதன் கீழே யார் எதை எழுதினாலும் உங்கள் போன் சிணுங்கும். ஆப்பின் எல்லா நோட்டிபிகேஷனையும் நிறுத்தினால் தேவையானதும் போய்விடும். இரண்டு நாளில் நீங்களே திரும்பப் போட்டுவிடுவீர்கள். அந்த ஒரு இழையை மட்டும் அறுப்பதுதான் நிலைக்கும்.

பேஸ்புக்கில் அந்தப் பதிவின் மூன்று புள்ளியைத் தொட்டால், அந்தப் பதிவுக்கான நோட்டிபிகேஷனை நிறுத்தும் வசதி வரும். எக்ஸில் (பழைய ட்விட்டர்) அதே மூன்று புள்ளியில் உரையாடலை மியூட் செய்யலாம். யாரோ உங்களை இழுத்துவிட்ட உரையாடல் என்றால் அதைவிட்டு வெளியேறும் தேர்வும் இருக்கிறது. யூடியூபில் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன் பகுதியில் 'என் கமென்ட்டுக்கு வரும் பதில்கள்' என்பதை அணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவை 8 மணி நேரம், 1 வாரம், எப்போதும் என்று மூன்று அளவில் மியூட் செய்யலாம். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்: மியூட் செய்த குழுவிலும் உங்கள் பெயரைச் சுட்டினாலோ உங்கள் செய்திக்கே பதில் போட்டாலோ நோட்டிபிகேஷன் வரும். வாதத்தில் இருப்பவருக்கு வருவதெல்லாம் அந்த இரண்டு வகைதானே. ஆகவே சூடான குழுவுக்கு மியூட்டோடு ஆர்க்கைவும் சேர்த்துச் செய்யுங்கள். ஆர்க்கைவ் செய்தவை அப்படியே இருக்கட்டும் என்ற தேர்வு சாட்ஸ் செட்டிங்ஸில் இயங்குகிறதா என்று பாருங்கள். சுட்டல் அப்போதும் வரலாம். ஆனால் சாட் பட்டியலின் உச்சியில் அந்தக் குழு வந்து உட்காராது. பாதி இழுப்பு அந்த உச்சியில்தான் இருக்கிறது.

பாதியில் விட்டுவிட்டு வர மனம் ஒப்பவில்லை என்றால் ஒரு விடைபெறும் வரி எழுதுங்கள். அது இவ்வளவுதான்: "சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டேன். இதோடு நிறுத்திக்கொள்கிறேன்." கேள்விக்குறி கூடாது, புதிய கருத்து கூடாது, எதிராளியின் குணத்தைப் பற்றி எதுவும் கூடாது. "எனக்கு வேறு வேலை இருக்கிறது" என்பதும் கூடாது; உனக்கு வேறு வேலை இல்லை என்று குத்துவதாகத்தான் அது படிக்கப்படும். "ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்" என்று தொடங்கும் விடைபெறுதல் அடுத்த சுற்றுக்கான அழைப்பு. வரியைப் போட்ட அதே நிமிடத்தில் மியூட் செய்யுங்கள். வரிக்கு யார் என்ன சொன்னார்கள் என்று பார்க்கக் காத்திருந்தால் விடைபெறவே இல்லை என்று பொருள்.

அறிகுறி: போனை வைத்த பிறகும் தலைக்குள் வாதம் ஓடுகிறது

இங்குதான் அதிகச் சேதம். திரைநேரக் கணக்கில் வராது, தூக்கத்தில் வரும். குளிக்கும்போது, வண்டி ஓட்டும்போது, பிள்ளை ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போது, அந்த முகம் தெரியாதவருக்கு இன்னும் கூர்மையாக எப்படிச் சொல்லலாம் என்று வாக்கியம் செதுக்கிக்கொண்டிருப்பீர்கள்.

பலர் இதற்கு எடுக்கும் மருந்து, இன்னொருவரிடம் கொட்டித் தீர்ப்பது. நண்பருக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பி, "இவன் என்ன எழுதியிருக்கான் பாரு" என்பது. உளவியல் ஆய்வாளர் பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட ஆய்வில், கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்களின் கோபம் தணியாமல் கூடியது. எதுவும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் நிலை அதைவிட நன்றாக இருந்தது. ஸ்கிரீன்ஷாட் அனுப்புவதும் அந்தக் குத்துப்பைதான். அனுப்பியதும் நண்பர் கொதிப்பார், அவருக்கு விளக்க நீங்கள் முழுக் கதையையும் மறுபடி ஓட்டுவீர்கள். மூன்று நாளுக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்புவதில்லை, வாங்குவதில்லை என்று வைத்துப் பாருங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

தலைக்குள் ஓடுவது பெரும்பாலும் அனுப்பாத பதில். முடியாத வேலையை மனம் கீழே வைக்காது. மசிக்காம்போ, பாமைஸ்டர் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2011இல் காட்டியது: முடிக்காத வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டம் வகுத்துக்கொண்டால், வேலை முடியாமலே அந்த எண்ணம் குறுக்கிடுவது குறைகிறது. இதை இங்கே பயன்படுத்தும் முறை:

1. பதிலை எழுதுங்கள், தாளில். போனில் நோட்ஸ் ஆப் வேண்டாம். அங்கிருந்து காப்பி எடுத்து ஒட்ட ஐந்து நொடி போதும்.
2. பத்து நிமிடம் டைமர் வையுங்கள். மணி அடித்ததும் பாதி வாக்கியமானாலும் நிறுத்துங்கள்.
3. அடியில் ஒரு வரி: "இதை நாளை மாலை ஆறு மணிக்குப் படித்துவிட்டு, அனுப்புவதா என்று முடிவு செய்வேன்." நாளும் நேரமும் கட்டாயம், "அப்புறம் பார்க்கலாம்" என்று எழுதினால் மனம் ஏற்காது.
4. சொன்ன நேரத்தில் உண்மையிலேயே எடுத்துப் படியுங்கள். இதைத் தவறவிட்டால் அடுத்த முறை இந்த உத்தி வேலை செய்யாது.

மறுநாள் ஆறு மணிக்கும் அனுப்பத் தகுந்ததாகத் தோன்றினால் அனுப்பலாம், தவறில்லை. பெரும்பாலும் தோன்றாது.

இரவு பத்து மணிக்கு மேல் எந்த அரசியல் கமென்ட்டும் எழுதுவதில்லை என்பதைக் கறாராக வையுங்கள். படிப்பது கூட இரண்டாம்பட்சம். எழுதுவதுதான் தூக்கத்துக்குள் கூடவே வரும். போன் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் ஆகட்டும். அலாரத்துக்குப் போன் வேண்டும் என்பவர்கள் தனியாக ஓர் அலாரக் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தச் சின்னச் சாக்கில்தான் பலருடைய ஏற்பாடு முழுவதும் கவிழ்கிறது.

அறிகுறி: நான் தேடிப் போவதில்லை, ஃபீட்தான் கொண்டுவந்து கொட்டுகிறது

கொட்டக் காரணம், நீங்கள் நின்று பார்த்ததும் பதில் எழுதியதும்தான். கோபத்தில் எழுதிய கமென்ட்டா விரும்பி எழுதியதா என்ற வேறுபாடு உங்களுக்குப் பெரிது. ஃபீடுக்கு இரண்டும் ஈடுபாடு. எரிச்சலூட்டும் ஒரு பக்கத்துக்கு வாரம் மூன்று முறை பதில் எழுதினால், இன்னும் கொடு என்று மூன்று முறை கேட்டதாகத்தான் கணக்கு.

பேஸ்புக்கில் ஒருவரின் பதிவுகளை 30 நாள் ஒத்திவைக்கலாம். நட்பில் இருந்துகொண்டே அன்ஃபாலோவும் செய்யலாம். இரண்டுமே அவருக்குத் தெரியாது. மெனுவில் ஃபீட்ஸ் என்ற பகுதிக்குப் போய் 'நண்பர்கள்' என்பதைத் தொட்டால் நண்பர்கள் எழுதியது மட்டும் நேர வரிசையில் வரும். எக்ஸில் 'உங்களுக்காக' என்ற தாவலை விட்டு 'பின்தொடர்பவை' தாவலுக்கு மாறுங்கள். யூடியூபில் 'இந்த சேனலைப் பரிந்துரைக்காதே' என்பதுதான் பலமானது. 'விருப்பமில்லை' என்பது அந்த ஒரு வீடியோவோடு போய்விடலாம். இன்னும் அடியோடு வேண்டுமானால் பார்த்த வரலாற்றை அழித்துவிட்டு, பதிவாவதையும் நிறுத்துங்கள். அப்போது முகப்புப் பக்கம் கிட்டத்தட்டக் காலியாக நிற்கும். வெறுமையாக இருக்கிறதே என்று தோன்றும்; தேவையானதைத் தேடிப் பார்ப்பதற்கு அந்த வெறுமை நல்லது.

சொற்களை மியூட் செய்வதில் தமிழர்களுக்கு ஒரு சிக்கல். எக்ஸில் சொல்லை 24 மணி நேரம், 7 நாள், 30 நாள், எப்போதும் என நான்கு அளவில் மியூட் செய்யலாம். ஆனால் தமிழில் உருபு ஒட்டியதும் சொல்லின் எழுத்துக் கோவையே மாறிவிடுகிறது. 'தேர்தல்' என்று மட்டும் போட்டால் 'தேர்தலில்', 'தேர்தலை', 'தேர்தலுக்கு' எல்லாம் தப்பித்து வரும். ஒவ்வொரு சொல்லுக்கும் நாலைந்து வடிவம், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுபவர்களின் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல், தலைவர்களின் பட்டப்பெயர், ஹேஷ்டேக் என்று சேர்த்துப் போடுங்கள். ஐந்து தலைப்புக்கு முப்பது நாற்பது பதிவு ஆகும். ஒரு தடவை உட்கார்ந்தால் அரை மணி நேரம். தேடல் பெட்டியில் நீங்களே தேடினால் மியூட் செய்தவையும் வரும் என்பதை நினைவில் வையுங்கள். படமாகச் சுற்றும் மீம்களை எந்தச் சொல் மியூட்டும் பிடிக்காது. அவற்றைப் போடும் கணக்கை மியூட் செய்வதுதான் வழி.

அறிகுறி: விட்டுவிட்டால் பொய் அப்படியே நின்றுவிடுமே என்று கை துடிக்கிறது

நியாயமான துடிப்பு. இதை அடக்கச் சொல்ல மாட்டோம், அளவு வைக்கச் சொல்வோம். பொதுவில் கிடக்கும் ஒரு பொய்த் தகவலுக்கு ஒரே ஒரு பதில். எழுதியவர் மாறுவார் என்று எதிர்பார்த்து எழுதாதீர்கள். வாய் திறக்காமல் படித்துக்கொண்டே போகிற பலருக்காக எழுதுங்கள். முதல் வரியில் சரியான தகவல், இரண்டாம் வரியில் பரவுவது எங்கே தவறுகிறது, மூன்றாவதாக மூல ஆவணத்தின் இணைப்பு. பொய்யை முதல் வரியில் மறுபடி சொல்லிவிட்டு மறுக்கத் தொடங்கினால் அவசரமாகப் படிப்பவர் மனத்தில் பொய்தான் தங்கும். கேலி செய்வதற்காக அந்தப் பதிவை மேற்கோள் காட்டிப் பகிர்வதும் அதே தவறு: உங்கள் ஆட்கள் அத்தனை பேருக்கும் அதை நீங்களே கொண்டுபோய்ச் சேர்த்தாயிற்று.

அதன் பிறகு யாராவது விளக்கம் கேட்டால் மட்டும் பதில். கேட்பவர் உண்மையில் கேட்கிறாரா, விதண்டாவாதமா என்று தெரியாவிட்டால் ஒரு கேள்வி போதும்: "எதைக் காட்டினால் உங்கள் கருத்தை மறுபரிசீலனை செய்வீர்கள்?" குறிப்பாக ஒன்றைச் சொன்னால் பேசலாம். வேறு தலைப்புக்குத் தாவினால், உங்கள் சாதியையோ மதத்தையோ கட்சியையோ தோண்ட ஆரம்பித்தால், அங்கேயே மியூட். இதே கேள்வியை உங்களையும் கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். பதில் இல்லை என்றால் நீங்களும் வாதத்துக்கு வரவில்லை, மல்லுக்கட்ட வந்திருக்கிறீர்கள்.

அறிகுறி: சண்டை குடும்பக் குழுவில்

முன்பின் தெரியாதவரை பிளாக் செய்யலாம், மாமாவை முடியாது. இங்கே தவறுவது இரண்டு இடத்தில்.

முதலாவது, பார்வார்டை அவர் எழுத்தாக எடுத்துக்கொள்வது. வாட்ஸ்அப்பில் செய்திக்கு மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட கைமாறி வந்தது. அவர் படித்தாரா என்பதே சந்தேகம். எல்லோர் முன்பும் நீங்கள் மறுத்தவுடன், போகிற போக்கில் அனுப்பியதை மானத்துக்காகக் காக்க வேண்டிய நிலைக்கு அவரைத் தள்ளிவிடுகிறீர்கள். அதுவரை அது அவர் கருத்தாகவே இருந்திருக்காது.

இரண்டாவது, தொனி. க்ரூகரும் குழுவினரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், மின்னஞ்சலில் எழுதிய வாக்கியம் கிண்டலா இல்லையா என்பதைப் படித்தவர்கள் சரியாகப் பிடித்தது கிட்டத்தட்ட பாதிக்குப் பாதிதான். காசைச் சுண்டிப் போட்டாலே அவ்வளவு வரும். எழுதியவர்களோ தங்கள் தொனி தெளிவாகப் புரியும் என்று நம்பியிருந்தார்கள். குழுவில் நீங்கள் பாசமாகக் கிண்டலடிப்பதாக நினைத்தது அங்கே அவமரியாதையாக இறங்குகிறது. 2017இல் ஷ்ரோடர், கார்டாஸ், எப்லி மூவரும் கண்டது: எதிர்க்கருத்துக்காரரின் விளக்கத்தை எழுத்தில் படிப்பதைவிடக் குரலில் கேட்கும்போது, அவரை யோசிக்கத் தெரிந்த மனிதராக மதிப்பது கூடுகிறது. ஆகவே எழுத்தை விட்டுக் குரலுக்கு மாற்றுங்கள். குழுவில் வேண்டாம், அவருக்குத் தனியாக: "மாமா, நீங்க அனுப்பினதப் பாத்தேன். குரூப்ல பேச வேண்டாம், ஞாயித்துக்கிழமை நானே போன் பண்றேன்." போனில் முதல் பத்து நிமிடம் அரசியல் பேசாதீர்கள். அவர் அந்தப் பேச்சை எடுக்காவிட்டால் நீங்களும் எடுக்க வேண்டாம், வேலை முடிந்தது.

குழுவில் இருக்கவே முடியவில்லை என்றால் வெளியேறலாம். இப்போது வெளியேறினால் அறிவிப்பு அட்மின்களுக்கு மட்டுமே போகும். ஆனால் குடும்பத்தில் அட்மினாக இருப்பவர் யார் என்று உங்களுக்கே தெரியும். வெளியேறும் முன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இன்னொரு வழி நன்றாக வேலை செய்கிறது: பிறந்தநாள், உடல்நலம், பயணம், படங்களுக்கு மட்டும் என்று பெயரிலேயே எழுதி இரண்டாவது குழு தொடங்குவது. பழைய குழு ஆர்க்கைவில் கிடக்கட்டும்.

அறிகுறி: ஆப்பை அழித்தும் விரல் அங்கேயே போகிறது

பிரவுசரைப் பாருங்கள். ஆப் போனாலும் பிரவுசரில் லாகின் அப்படியே இருக்கும், பாஸ்வேர்ட் சேமிப்பில் இருக்கும். இரண்டையும் நீக்குங்கள். இருபது எழுத்தில் புதிய பாஸ்வேர்ட் வைத்துத் தாளில் எழுதி, எழுந்து போய் எடுக்க வேண்டிய இடத்தில் வையுங்கள். ஆப் டைமர் வைப்பவர்களுக்கு: ஐபோனில் நேரம் முடிந்ததும் 'இன்றைக்குப் புறக்கணி' என்ற பொத்தான் வரும், எல்லோரும் அதைத்தான் அழுத்துகிறார்கள். ஸ்கிரீன் டைம் பாஸ்கோடை வீட்டில் வேறொருவர் வைத்தால்தான் தடை தடையாக இருக்கும். ஆண்ட்ராய்டு டைமர் நள்ளிரவில் புதுப்பிக்கும். இரவு பன்னிரண்டு மணிக்கு விழித்திருப்பவர்களுக்கு அது புதிய ஒதுக்கீடு.

கணக்கையே மூடுவதானால் இரண்டு எச்சரிக்கை. அந்தக் கணக்கை வைத்து வேறு தளங்களில் லாகின் செய்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். அடுத்து, பேஸ்புக்கில் தற்காலிக முடக்கத்துக்குக் காலக்கெடு கிடையாது, நிரந்தர நீக்கத்துக்கு 30 நாள் அவகாசம் உண்டு. எக்ஸில் முடக்கி 30 நாளுக்குள் திரும்பாவிட்டால் கணக்கு போய்விடும்.

அறிகுறி: விலகியதும் கோழைத்தனமாக, பொறுப்பில்லாததாகத் தோன்றுகிறது

வாதத்திலிருந்து விலகுவதையும் அரசியலிலிருந்து விலகுவதையும் ஒன்றாகக் குழப்பினால் இப்படித் தோன்றும். அமெரிக்காவில் 2018 தேர்தலுக்கு முன் நான்கு வாரம் பேஸ்புக்கை முடக்கியவர்களைப் பற்றி ஆல்காட்டும் குழுவினரும் நடத்திய ஆய்வு 2020இல் வெளியானது. அவர்களுக்கு மனநிறைவு சற்றே கூடியது, அரசியல் கருத்துகள் இரு துருவமாக விலகி நிற்பது குறைந்தது, நேரில் குடும்பத்தோடும் நண்பர்களோடும் செலவிட்ட நேரம் கூடியது. செய்தி அறிவும் குறைந்தது. அந்தக் கடைசி விஷயம் உண்மையான இழப்பு, அதை ஈடுகட்ட வேண்டும். காலை 15 நிமிடம், மாலை 15 நிமிடம், எழுத்துச் செய்தி, கமென்ட் பகுதி இல்லாத இடம். விவாத நிகழ்ச்சி இதில் சேராது.

பிறகு உங்கள் தாளில் உள்ள கணக்கைக் கூட்டுங்கள். வாரத்துக்கு எட்டு மணி நேரம் வந்தால் அதில் ஒரு மணி நேரத்தை உங்களுக்கு மிக முக்கியமான ஒரே பிரச்சினைக்கு ஒதுக்குங்கள்: பிரதிநிதிக்குக் கடிதம், தகவல் கேட்டு மனு, ஊர்க்கூட்டம், ஓர் அமைப்பின் களவேலை. மீதி ஏழு மணி நேரம் உங்களுடையது.

விலகினால் மட்டும் போதாத இடம்

மிரட்டல், முகவரி அல்லது போன் எண்ணைப் பொதுவில் போடுதல், குழந்தைகளை இழுத்தல். இவற்றுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. கோபத்தில் எதையும் அழிக்காதீர்கள். தேதி, நேரம், கணக்குப் பெயர், இணைப்பு நான்கும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு தளத்தில் புகார், பிறகு பிளாக், உயிருக்கோ உடலுக்கோ மிரட்டல் என்றால் உடனே காவல்துறை. பிளாக் செய்வதை முதலில் செய்தால் ஆதாரம் எடுப்பது கடினமாகும். எக்ஸில் நீங்கள் பிளாக் செய்தவர் உங்கள் பொதுப் பதிவுகளை இன்னமும் படிக்க முடியும். மறைய வேண்டுமென்றால் கணக்கைப் பூட்டிவையுங்கள். வாதத்தை நிறுத்தி இரண்டு வாரமாகியும் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். காரணம் வாதமாக இல்லாமலும் இருக்கலாம்.

அறிகுறி: மூன்று வாரம் நன்றாகப் போயிற்று, ஒரே இரவில் மீண்டும் விழுந்தாயிற்று

ஒரு தடவை விழுந்ததால் பழையபடி ஆகிவிடாது. லாலியும் குழுவினரும் பழக்கம் படிவதை அளந்தபோது நடுவளவு 66 நாள் வந்தது. ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை. நடுவில் ஒரு நாள் தவறியது குறிப்பிடும்படி பாதிக்கவில்லை. எந்த வழியாக உள்ளே போனீர்கள் என்று பழைய தாளில் ஒரு வரி சேர்த்து, அந்த வழியை மட்டும் மறுபடி பாருங்கள். பெரும்பாலும் விஷயம் சாதாரணமாக இருக்கும்: 30 நாள் மியூட்டின் கெடு சத்தமில்லாமல் முடிந்திருக்கும். அடுத்த முறை மியூட் போடும்போதே முடியும் தேதிக்கு முந்தைய நாளைக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.